நட்சத்திரம் வெடித்த சேதிக்குச் சந்தா

யுகாதி நெருங்கும்போது மைசூர் தேவராஜ மார்க்கெட் வட்டாரத்துக் கடைகளில் ஒண்டிக்கொப்பல் பஞ்சாங்கம் வந்து இறங்கிவிடும். ஊரின் ஒரு பேட்டைப் பெயரைத் தாங்கி, கர்நாடகம் முழுவதும் போய்ச் சேருகிற பஞ்சாங்கம் அது. சூரிய உதயம் எத்தனை மணிக்கு, திதி எப்போது மாறுகிறது, கிரகணம் எந்த நாழிகையில் பிடிக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். வானம் ஊருக்கே பொதுவாக இருக்கும்போது இதற்கு எதற்குக் காசு என்று வாங்குகிற யாரும் கேட்டதில்லை. கணக்குப் போட்டவர், எழுத்துக் கோத்தவர், அச்சடித்தவர், விற்றவர் என்று நாலு பேர் உழைப்பு அந்த மெல்லிய புத்தகத்தில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அறிவியல் வானியலில் மட்டும் இதே ஏற்பாடு பல பத்தாண்டுகளாகச் சண்டைக்கு இடமாகியிருக்கிறது. புதிதாக ஒரு வால்மீன் தென்பட்டது, தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றில் ஒரு நட்சத்திரம் வெடித்தது என்ற சேதியைச் சுற்றறிக்கையாக வெளியிட்டு அதற்குச் சந்தா வாங்கலாமா? வாங்கிவிட்டு, அடியில் பதிப்புரிமைக் குறியையும் போட்டு, 'பிறருக்கு அனுப்பாதே' என்று நிபந்தனை வைக்கலாமா? கேள்விகள் இரண்டு. ஒன்றை மற்றதோடு குழப்பியதால்தான் விவாதம் பெரும்பாலும் வழிதவறிப் போயிற்று என்பது என் எண்ணம். சந்தா வாங்கியதில் நியாயம் இருந்தது. பதிப்புரிமையைக் காவலுக்கு நிறுத்தியதில் அவ்வளவு நியாயம் இல்லை.

சந்தா எப்படி வந்தது என்பதற்குத் தந்திக் காலத்துக்குப் போகவேண்டும். 1882இல் ஜெர்மனியின் கீல் நகரில் வானியல் தந்திகளுக்கென்று ஒரு மைய அலுவலகம் தொடங்கியது. முதல் உலகப்போர் வந்ததும் வேலை கோபன்ஹேகனுக்கு மாறியது. 1920களில் சர்வதேச வானியல் ஒன்றியம் அதைத் தன் குடையின் கீழ் எடுத்துக்கொண்டது. 1965 தொடக்கத்தில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஸ்மித்சோனியன் வான்இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே பிரையன் மார்ஸ்டன் 1968 முதல் 2000 வரை அதை நடத்தினார். பிறகு டேனியல் கிரீன்.

தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அதனால் கண்டுபிடித்த நேரம், வானில் இடம், பிரகாசம், நகரும் திசை எல்லாவற்றையும் ஐந்தைந்து இலக்கத் தொகுதிகளாக மாற்றி அனுப்புவார்கள். கடைசித் தொகுதி சரிபார்ப்புக்கு. முன்னால் வந்த தொகுதிகளைக் கூட்டிப் பார்த்து அதனோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். வழியில் எங்காவது தந்தி குமாஸ்தா ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்திருந்தால் கணக்கு உதைக்கும், திரும்பக் கேட்பார்கள். இப்படி வந்ததை அலுவலகம் படித்து, சரிபார்த்து, உலகெங்கும் இருக்கும் ஆய்வகங்களுக்குத் தந்தியாகவும் அஞ்சலட்டையாகவும் அனுப்பும். தந்திக் கட்டணமும் தபால் செலவும் எங்கிருந்தோ வரவேண்டும். பெறுகிற ஆய்வகங்கள் பகிர்ந்துகொண்டன. சந்தாவின் தோற்றம் அவ்வளவுதான், லாப நோக்கம் எதுவும் அதன் பின்னால் இல்லை.

இந்தச் சங்கிலியின் இன்னொரு முனையில் நம்மவர்கள் இருந்திருக்கிறார்கள். 1949 ஜூலையில் ஹார்வர்டில் மாணவராக இருந்த வேணு பாப்பு, தான் எடுத்த ஒளித்தட்டில் ஒரு வால்மீனைக் கண்டார். பார்ட் போக், கோர்டன் நியூகர்க் இருவரும் அதை உறுதிப்படுத்தினார்கள். அறிவிப்பு அட்டை உலகைச் சுற்றி வந்தது, வால்மீனுக்கு மூவர் பெயரும் நிலைத்தது. அந்த ஆண்டே பாப்புவுக்கு டோனோஹோ வால்மீன் பதக்கம் கிடைத்தது. பிறகு கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார், ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை எழுப்பினார், 1979இல் அந்தச் சர்வதேச ஒன்றியத்துக்கே தலைவரானார். அறிவிப்பு சரியான நேரத்தில், சரியான இடத்திலிருந்து வெளியானதால்தான் கண்டுபிடித்த உரிமை அவருக்கு உறுதியானது. சுற்றறிக்கையின் முதல் பயன் அதுதான்: இன்னார் இன்ன நேரத்தில் கண்டார் என்ற சாட்சியம்.

இரண்டாவது பயன், அவசரம். 1987 பிப்ரவரி 24 அன்று சிலியின் லாஸ் கம்பனாஸில் இயன் ஷெல்டன் பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டார். கெப்ளர் காலத்துக்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெரிந்த முதல் சூப்பர்நோவா அது. ஒன்றியத்தின் 4316ஆம் சுற்றறிக்கை சேதியைச் சொன்னது. காவலூரிலிருந்து பார்த்தால் அந்த இடம் தென் அடிவானத்துக்கு மேலே எட்டு டிகிரி சொச்சம்தான் ஏறும். ஜவ்வாது மலையின் காற்றுப் படலமெல்லாம் குறுக்கே நிற்கும் உயரம். ஆனாலும் அங்கிருந்தவர்கள் தொலைநோக்கியைத் தாழ்த்தி நிறமாலை எடுத்தார்கள். அந்த ஆண்டே முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் கைக்கு எட்டும் பொருளுக்கு, சேதி ஒரு வாரம் பிந்தினால் ஒரு வாரத்து வெடிப்பு போயே போயிற்று. சந்தா கட்டிய ஆய்வகம் அந்த ஒரு வாரத்தைத்தான் வாங்கியது.

இணையம் வந்ததும் இந்தக் கணக்கு கவிழ்ந்தது. சேதியை அனுப்பும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனால் சந்தா தொடர்ந்தது, புதிய சுற்றறிக்கைகள் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தன, அடியில் பதிப்புரிமைக் குறி இருந்தது. பணம் கட்டிய ஆய்வகங்களுக்கு இது உறுத்தவில்லை. தனியாளாகத் தொலைநோக்கி வைத்திருந்தவர்களுக்கு உறுத்தியது. அவர்களில் பலர் கண்டுபிடித்துச் சொன்ன சேதிகள்தான் அந்தச் சுற்றறிக்கைகளில் வந்துகொண்டிருந்தன. நான் இலவசமாகக் கொடுத்த சேதியைத் திரும்பப் படிக்க நானே காசு கொடுக்கவேண்டுமா என்ற கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

மாற்று வழிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. 1997 டிசம்பரில் ராபர்ட் ரட்லெட்ஜ் 'அஸ்ட்ரோனமர்ஸ் டெலிகிராம்' என்ற இலவச ஏற்பாட்டைத் தொடங்கினார். தொழில்முறை வானியலாளர் யாரும் தாமே எழுதி வெளியிடலாம், யாரும் படிக்கலாம். காமாக் கதிர் வெடிப்புகளுக்கு நாசா ஒரு வலையமைப்பை நடத்தியது. வெடிப்பு நடந்த சில விநாடிகளில் எச்சரிக்கை பறக்கும், அதுவும் இலவசம். அமெரிக்க அரசு ஊழியர் பணியில் எழுதுவதற்கு அந்நாட்டுச் சட்டத்தில் பதிப்புரிமையே கிடையாது என்பதால் அங்கே அந்தப் பேச்சே எழவில்லை. 2016 ஜனவரி 1 முதல் சூப்பர்நோவாக்களைப் பதிந்து பெயர் கொடுக்கும் வேலை, ஒன்றியத்தின் ஒப்புதலோடு, 'டிரான்சியன்ட் நேம் சர்வர்' என்ற திறந்த தளத்துக்குப் போனது. நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 2015 செப்டம்பரில் பறந்த பிறகு அதன் கருவிகள் பிடித்த காமாக் கதிர் வெடிப்புகளும், லடாக்கின் ஹான்லேயில் நிற்கும் குரோத்-இந்தியா தொலைநோக்கி கண்டவையும் இந்த இலவச வழிகளில்தான் உலகுக்குப் போகின்றன.

இதற்குள் பதிப்புரிமைச் சட்டம் எங்கே நிற்கிறது? இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் தகவலுக்குக் காவல் நிற்பதில்லை, சொன்ன விதத்துக்குத்தான் நிற்கிறது. 'இன்ன இரவில், வானின் இன்ன இடத்தில், பதினேழாம் பிரகாச அளவில் ஒரு புதிய ஒளிப்புள்ளி' என்பது தகவல், யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொல்லும் வாக்கியம் எழுதியவருடையது. தொகுப்புகளுக்கும் தரவுத்தளங்களுக்கும் இலக்கியப் படைப்பு என்ற பாதுகாப்பு உண்டு. அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொன்னது. வெறும் வியர்வை போதாது, திறமையும் தீர்மானமும் கலந்து கொஞ்சமாவது படைப்புத்தன்மை தெரியவேண்டும். தீர்ப்புகளை அப்படியே நகலெடுத்து எழுத்துப்பிழை திருத்தியதற்கு உரிமை இல்லை, பத்தி பிரித்துக் குறிப்பு எழுதியதற்கு உண்டு என்று அங்கே பிரித்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991லேயே தொலைபேசிப் பட்டியல் வழக்கில் ஏறக்குறைய இதே கோட்டைக் கிழித்திருந்தது. ஐரோப்பாவில் மட்டும் தரவுத்தளத்துக்கென்று தனியாகப் பதினைந்து ஆண்டு உரிமை உண்டு, இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை.

ஆக, வானியல் சுற்றறிக்கை ஒன்றின் எண்களை எடுத்து என் சொற்களில் எழுதினால் இங்கே யாரும் என்னைக் கோர்ட்டுக்கு இழுக்க வழியில்லை. வழியில்லாமல் இருக்கும்போதே அந்தக் குறி எதற்கு? சேதி சூடாக இருக்கும் வரைக்கும் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்தச் சூட்டைக் காப்பாற்றத்தான். இதற்கு நெருக்கமான வழக்கு இந்தியாவில் வானத்தைப் பற்றி வரவில்லை, கிரிக்கெட்டைப் பற்றி வந்தது. ஸ்கோரை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிக் காசு பார்த்த நிறுவனங்கள் மீது ஸ்டார் இந்தியா டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் தனி நீதிபதி, நேரடி ஸ்கோரை உரிமம் இல்லாமல் உடனுக்குடன் அனுப்பக்கூடாது, பதினைந்து நிமிடம் பொறுத்து அனுப்பலாம் என்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் இரு நீதிபதி அமர்வு அதை ரத்து செய்தது. ஆட்டத்தில் நடந்தது நடந்ததுதான், அந்தத் தகவலுக்குத் தனியுரிமை கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்றது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. கோடிக்கணக்கில் பணம் புழங்கும் ஸ்கோருக்கே இந்தச் சிக்கல் என்றால், சூப்பர்நோவாவுக்குப் பதினைந்து நிமிட உரிமை கேட்க யார் போவார்கள்?

இவ்வளவு சொன்ன பிறகு சந்தாவுக்காக வாதாடுவது முரணாகத் தெரியலாம். ஆனால் சந்தா வாங்கிய அலுவலகம் செய்த வேலையைப் பார்க்கவேண்டும். புதிதாக வரும் ஒவ்வோர் அறிக்கையையும் அவர்கள் சந்தேகத்தோடு படித்தார்கள். இது ஏற்கெனவே தெரிந்த சிறுகோளா, லென்ஸில் விழுந்த ஒளிப்பேயா, மாறும் விண்மீனா என்று பார்த்து, வேறொரு ஆய்வகத்திடம் உறுதி கேட்டு, பிறகுதான் வெளியிட்டார்கள். இந்தச் சரிபார்ப்பு மேசைக்குச் சம்பளம் வேண்டும். அவர்களும் சறுக்கியதுண்டு. 1998 மார்ச் 11 அன்று மார்ஸ்டனின் சுற்றறிக்கை ஒன்று, 1997 எக்ஸ்எஃப்11 என்ற சிறுகோள் 2028இல் பூமிக்கு மிக அருகில் வரலாம் என்றது. மறுநாளே பழைய ஒளித்தட்டுகளிலிருந்து எடுத்த எண்கள் ஆபத்தில்லை என்று காட்டின, அதற்குள் பத்திரிகைகள் உலக அழிவுத் தலைப்புப் போட்டு முடித்துவிட்டன. மேசை இருந்ததால் வந்த தப்பு அது என்று ஒரு சாரார். மேசை இல்லாவிட்டால் அப்படிப்பட்ட தப்பு வாரம் ஒன்று வரும் என்பது மறுசாரார் பதில். எனக்கு இரண்டாவது பதில்தான் சரியாகப் படுகிறது. இலவச வழிகளில் சரிபார்க்கும் பொறுப்பு படிக்கிறவர் தலையில் விழுகிறது. பெரிய குழு வைத்திருப்பவர் சமாளித்துக்கொள்வார், தனி ஆள் திண்டாடுவார்.

சேதியை வெளியே கொண்டுவரும் செலவை யாரும் ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே பாடம் இருக்கிறது. மதராஸ் ஆய்வகத்தில் 1861இல் பொறுப்பேற்ற நார்மன் பாக்சன் அந்த ஆண்டே 'ஏசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். முப்பதாண்டு அயராமல் அளந்தார். ஆனால் ஆள் பற்றாக்குறையில் அளவுகளின் பெரும்பகுதி அச்சேறாமல் கிடந்தது. 1891இல் அவர் இறந்த பிறகு, அவருக்குப் பின் வந்த மிச்சி ஸ்மித்தான் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில் மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டார். 1874 சுக்கிர இடைநகர்வைப் பற்றி, கன்னடம் உட்பட இந்திய மொழிகளில் சிறுநூல் போட்டார். நவீன கணிதப்படி ஒரு திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். வானியல் சுற்றறிக்கை என்று ஒன்று தமிழ்நாட்டில் பொதுமக்களுக்குக் கிடைத்திருந்தால் அதற்கு அவரைத்தான் முதல் ஆசிரியர் என்று சொல்லவேண்டும்.

கொடைக்கானல் வேறு வழி கண்டது. 1899இல் தொடங்கிய அந்தச் சூரிய ஆய்வகம் தன் முடிவுகளைப் புல்லட்டினாக அச்சிட்டு, உலகின் மற்ற ஆய்வகங்களோடு மாற்றிக்கொண்டது. நீ உன்னுடையதை அனுப்பு, நான் என்னுடையதை அனுப்புகிறேன். ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டு 1909இல் முதலில் எழுதியது பதினைந்தாம் புல்லட்டினில்தான். இன்றைக்கும் 'எவர்ஷெட் விளைவு' என்று படிக்கிற எந்த மாணவனும் அந்தப் பக்கங்களை இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் களஞ்சியத்தில் இலவசமாகத் திறக்கலாம். நூறாண்டுக்கு மேற்பட்ட சூரிய ஒளித்தட்டுகளும் எண்ணியமாக்கப்பட்டுத் திறந்து கிடக்கின்றன. காசு அரசினுடையது. காலனி அரசாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் ஏற்பாடு சரியாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சுதந்திர இந்தியாவும் அந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்தது. மேக்நாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை கொடுத்த பிறகு, கொல்கத்தாவில் ஓர் அரசுப் பிரிவு கிரக நிலைகளைக் கணித்து ஆண்டு நூலாகவும், தமிழ் உட்படப் பல மொழிகளில் ராஷ்டிரிய பஞ்சாங்கமாகவும் வெளியிடத் தொடங்கியது. விலை உண்டு, ஆனால் யார் பையையும் கடிக்காத விலை. 1973இல் தொடங்கிய இந்திய வானியல் கழகத்தின் புல்லட்டின், பின்னர் இந்திய அறிவியல் அகாதெமியின் 'ஜர்னல் ஆஃப் அஸ்ட்ரோபிசிக்ஸ் அண்ட் அஸ்ட்ரோனமி'யோடு கலந்தது. அந்த இதழ் ஒரு பக்கம் ஸ்பிரிங்கர் வழியாகச் சந்தாவுக்கு விற்கிறது, மறுபக்கம் அகாதெமியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரட்டை வேஷம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நடைமுறை தெரிந்தவர்கள் செய்த வேலையாகவே தெரிகிறது.

மைசூருக்கும் இதில் தனிப்பங்கு இருக்கிறது. அர்த்தசாஸ்திரச் சுவடியை மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கண்டெடுத்த ஆர். சாமசாஸ்திரி, 1936இல் வேதாங்க ஜோதிடத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். அவர் மறைந்தது 1944இல். ஆசிரியர் மறைவுக்குப் பின் அறுபதாண்டு என்ற இன்றைய கணக்கில் 2004 முடிவோடு அது பொதுவுடைமை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஷாலினி அர்ஸ் 2000ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கிய 'வித்யாநிதி', ஆய்வேடுகளை நூலக அலமாரியிலிருந்து இணையத்துக்குக் கொண்டுவந்த முன்னோடித் திட்டம். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வேடுகளை எண்ணிய வடிவில் சமர்ப்பிக்கச் சொன்னது, பிறகு 'சோத்கங்கா' நாடு முழுவதற்கும் அதைச் செய்தது. பிஎச்டி பட்டம் வாங்கியவரின் ஆய்வை அடுத்த மாணவர் படிக்க அந்த ஊருக்குப் பஸ் ஏறவேண்டிய காலம் அதோடு முடிந்தது.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட 'ஒரே நாடு ஒரே சந்தா' இந்தக் கதையின் அடுத்த கட்டம். மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300 நிறுவனங்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்து மாணவருக்கு இது உண்மையிலேயே பெரிய வரம். முன்பு பெங்களூருவில் இருக்கும் நண்பரைக் கெஞ்சிக் கட்டுரை வாங்கியவர்கள் இப்போது தாமே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் வளாகத்தின் மதிலுக்கு வெளியே நிற்பவருக்கு ஒன்றும் மாறவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஜெயலட்சுமிபுரத்து மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்திருப்பவரும் 'நாடு' என்ற சொல்லுக்குள் வரவில்லை. சந்தாவை முழுக்க அரசே கட்டிய பிறகும் பூட்டு பூட்டாகவே இருப்பது எனக்குப் புரியாத பொருளாதாரம். 6,000 கோடி கொடுக்கிறவன், எல்லாருக்கும் திற என்று கேட்டிருக்கலாம்.

திறப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. அமெரிக்க வானியல் கழகத்தின் இதழ்கள் 2022இலும், லண்டன் ராயல் வானியல் கழகத்தின் 'மன்த்லி நோட்டீசஸ்' 2024இலும் முழுக்கத் திறந்த இதழ்களாயின. படிப்பவருக்கு இலவசம், எழுதுபவருக்குக் கட்டணம். 'மன்த்லி நோட்டீசஸ்' கட்டுரை ஒன்றுக்கு 2,000 பவுண்டுக்கு மேல். பல ஆண்டுகளாக இந்திய வானியலாளர்கள் செலவில்லாமல் எழுதிவந்த இதழ் அது. இப்போது சலுகை கேட்டு மனுப் போடவேண்டும், அல்லது வேறு இதழ் பார்க்கவேண்டும். வாசலில் இருந்த சுங்கச்சாவடியை எடுத்து எழுதுகிறவன் வீட்டு முன்னால் வைத்துவிட்டார்கள். சந்தா முறையில் ஒரு மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் படிக்கமுடியாமல் தவித்தார். இந்த முறையில் படித்துவிட்டு எழுதமுடியாமல் தவிக்கிறார்.

வால்மீன் விஷயத்தில் பழைய ஏற்பாடு இன்னும் ஓரளவு உயிரோடிருக்கிறது. 2023 பிப்ரவரியில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்மீன் கண்டறியப்பட்டபோது அறிவிப்பு அந்தப் பழைய தந்தி அலுவலகத்தின் மின்தந்தியாகத்தான் வந்தது. ஆனால் 2024 செப்டம்பர் கடைசியில் பெங்களூருவின் அதிகாலை வானில் அதைப் படமெடுத்தவர்கள் அந்தத் தந்திக்குச் சந்தா கட்டியிருக்கத் தேவையில்லை. சுற்றுப்பாதை எண்கள் சிறுகோள் மையத்திடமும் நாசாவிடமும் இலவசமாகக் கிடைத்தன. மக்களுக்கு வேண்டியது எந்தத் திசையில் எத்தனை மணிக்கு என்பதுதான். அதை எந்தப் பதிப்புரிமையும் தடுக்கவில்லை.

இனி வரப்போகும் தகராறு வேறு வடிவில் இருக்கும் என்று நினைக்கிறேன். சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம், முழு வேகத்தில் இரவுக்கு ஏறக்குறைய ஒரு கோடி எச்சரிக்கைகளை அனுப்பத் திட்டமிட்டது. வானில் ஒன்று மாறினால் அறுபது விநாடிக்குள் சேதி வெளியே, யாருக்கும் இலவசம். மைசூரில் சாமுண்டி மலையடிவாரத்தில் பல்கலைக்கழகமும் இந்திய வான்இயற்பியல் நிறுவனமும் சேர்ந்து எழுப்பும் காஸ்மாஸ் மையத்துக்கு 2022 மார்ச்சில் நிர்மலா சீதாராமன் அடிக்கல் நாட்டினார். அந்த மையத்தின் மாணவரும் தன் கைபேசியில் இந்தச் சேதிகளைப் பெறலாம். எச்சரிக்கைக்கு அடிப்படையான முழுப் படங்களும் அட்டவணைகளும் மட்டும் அமெரிக்கா, சிலி, பங்களிப்பு செய்த குழுக்கள் ஆகியோருக்கு முதலில், மற்றவர்களுக்கு இரண்டாண்டு கழித்து. சேதிக்குச் சந்தா வைத்த காலம் போய், சேதியைத் தானமாகக் கொடுத்துவிட்டு ஆதாரத்தைப் பூட்டும் காலம் வந்திருக்கிறது. அந்தப் பூட்டுக்குப் பதிப்புரிமைச் சட்டம் தேவைப்படவில்லை. உள்ளே நுழையும் கணக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரியும் போதுமானதாக இருக்கின்றன.